வெந்நீரில் விரிந்த பூ

அன்புள்ள தோழி,

பதினெட்டு வருடம் கழித்து எழுதுகிறேன், ஸ்ரீரங்கத்தில் அதே வீட்டில்தான் இருப்பாய் என்று நம்பி.

நான் இப்போது வேலை பார்க்கும் நம் கல்லூரி ஹெர்பேரியத்தில், அந்த உலர்செடி அறையில், பழைய தாள்களைப் புரட்டுகையில், நாம் உலர்த்தி ஒட்டிய திருவெள்ளறைச் செடி கைக்கு வந்தது. பாறையிடுக்கில் அதைப் பறித்த அன்று, "மகரந்தக் காம்புல ரோமம் இருக்குடி, இது வேற செடி" என்றாய். "உனக்கு லென்ஸ் பத்தாதுடி, கண்ணாடி போடு" என்று சிரித்தேன். பேராசிரியர் என்னைத்தான் நம்பினார். தாளில் ஒட்டிய பெயர்ச்சீட்டில் நான் சொன்ன பெயர் ஏறியது. அதோடு நீ ஆராய்ச்சியையே விட்டுவிட்டாய்.

இன்று அந்தக் காய்ந்த பூவொன்றை வெந்நீரில் இட்டேன். தூக்கம் கலைவதுபோல் இதழ்கள் மெல்லப் பிரிந்தன. நீலம் மட்டும் திரும்பவில்லை. அந்தப் பாறையின் வெயில் அறைக்குள் வந்து நிற்பதாகத் தோன்றியது. மகரந்தக் காம்பில் ரோமம் இருந்தது.

அன்றே நானும் லென்ஸ் வைத்துச் சோதனை செய்திருக்கலாம். சில நிமிட வேலை. நீ சொன்னது சரியாகிவிடுமோ என்றுதான் செய்யவில்லை.

பழைய சீட்டை நாங்கள் கிழிப்பதில்லை. அதன் பக்கத்திலேயே புதிய சீட்டு ஒட்டி, சரியான பெயரையும், அதை முதலில் கண்டவளாக உன்னையும் எழுதிவிட்டேன்.

வந்து பார்க்கிறாயா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அறை நாலரை மணி வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உன்னுடன் செடி தேடி அலைந்தவள்