பசுமைப் பள்ளியின் பின்பக்கம்

ஜூலை 8, 2025

பசுமை மன்றத்துக்கு இனி நான்தான் பொறுப்பாசிரியை. தாளாளர் சுப்புராஜ் காலைக் கூட்டத்தில் மைக்கில் அறிவித்தார். வகுப்புதோறும் இரண்டு தொட்டிகள். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காதது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போடுகிறார்கள். மாலையில் ராஜபாளையத்திலிருந்து வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

ஜூலை 17

மதியம் ஓர் அம்மா வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டார். பெயர் பாண்டிசெல்வி, மில் வேலை. “குப்பைக்குப் பொறுப்பு யாரு?” என்று கேட்டவரை என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

“ஒங்க பள்ளிக்கூடத்துக் குப்பைய எங்க வீட்டுக்குப் பின்னால போட்டுக் கொளுத்துதாங்க டீச்சர். பொகையில துணியக்கூட வெளிய காயப் போட முடியல. எம்மவ மூச்சு விட முடியாமக் கெடக்கா. ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டேன்.”

“அது எங்க குப்பையா இருக்காதும்மா. நாங்க பிரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்புதோம்” என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

“வந்துதான் பாருங்களேன்.”

பள்ளி விட்டதும் அவர் பின்னால் போனேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை, கரையில் வரிசையாக வீடுகள். நடுவில் பாதி எரிந்த குவியல். புளித்த சோறு, நாப்கின், உருகிய பாட்டில் எல்லாம் ஒன்றாக. பன்றிகள் கிளறிக்கொண்டிருந்தன. ஒரு மூட்டையில் பிள்ளைகள் கைப்பட எழுதி ஒட்டிய ‘மக்காதது’ என்ற அட்டை கருகாமல் இருந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். பாண்டிசெல்விதான் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்குள் அந்தப் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

ஜூலை 18

தாளாளரிடம் சொன்னேன். அவர் அதிர்ந்துகூடப் போகவில்லை.

“ரெண்டு தொட்டியும் ஒரே வண்டியிலதாம்மா போகும். பிள்ளைகளுக்குப் பிரிக்கிற பழக்கம் வந்துச்சா இல்லையா? அதுதான் கல்வி. மெட்ராஸ்ல இருந்து பசுமைப் பள்ளி விருதுக் குழு வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் பொறுங்க.”

பழக்கமாம்! எதுக்குப் பழக்குறோம், பொய்க்கா? என்ன மனுசங்க இவங்க.

வீட்டில் ஆசிக்கிடம் சொன்னேன். என் கணவர் பஜாரில் கடை வைத்திருப்பவர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “குழு வாரப்ப நீ வாயத் தொறக்காத, வேல போயிரும்” என்றார்.

ஜூலை 28

ஆடிப்பூரத் தேர், உள்ளூர் விடுமுறை. ஒரு நாளாவது அந்தக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

ஜூலை 30

நர்சரியிலிருந்து ஒரு லாரி செடி வந்து இறங்கியது. வாடகைக்கு! தொட்டியோடு மண்ணில் புதைத்து ‘மூலிகைத் தோட்டம்’ என்று பலகை நட்டார்கள். நாளை விருதுக் குழு வந்துபோனதும் தோண்டியெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். த்தூ. தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். “டீச்சர், இதெல்லாம் நாம வச்சதுன்னு சொல்லணுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

ஜூலை 31

வாயைத் திறந்துவிட்டேன்.

தோட்டம், தொட்டி, பிள்ளைகளின் பாட்டு எல்லாம் முடிந்து குழுவினர் டீக்கு எழுந்தபோது, “சார், இந்தக் குப்பை கடைசியில எங்க போகுதுன்னு பார்க்கலையே?” என்றேன். சுப்புராஜ் என்னை முறைத்தார். அதற்குள் நான் பின்வாசலைத் திறந்துவிட்டேன். ஓடைக்கரை இன்றும் புகைந்துகொண்டிருந்தது. குழுத் தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“இது பள்ளி வளாகத்துக்கு வெளியில இருக்கு மேடம். நாங்க வளாகத்தை மட்டும்தான் மதிப்பிடுறோம்.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பன்றிகூடத் தேவலை.

ஆகஸ்ட் 8

விருது கிடைத்துவிட்டது. பசுமை மன்றத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலையைவிட்டுத் தூக்கவில்லை. பாதி வருடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த வேறு ஆள் கிடைக்காது, அவ்வளவுதான். கேடயத்தை மேடையில் உயர்த்திக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 19

பாண்டிசெல்வி போன் செய்தார். “நாளைக்குக் குப்பை வண்டிய மறிக்கப் போறோம் டீச்சர். நீங்க வாரீங்களா?”

“வாரேன்” என்றேன். யோசிக்கவே இல்லை.

ஆசிக் கேட்டுவிட்டுக் கடைக் கணக்கு நோட்டை மூடிவைத்தார். பிறகு, “தனியாப் போகாத. கடைய அடைச்சிட்டு நானும் வாரேன்” என்றார்.

ஆகஸ்ட் 20

இருபது பெண்கள் இருக்கும். வண்டிப் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். ஆசிக் சற்றுத் தள்ளி நின்றார். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

“ஏலே, எம்மேல ஏத்திட்டுப் போ! போலே பாப்பம்!” என்று பாண்டிசெல்வி சக்கரத்தின் முன்னால் போய்ப் படுத்துவிட்டார். கடைசியில் வண்டியைப் பின்னால் எடுத்தான். நேரே பள்ளிக்கே போய், மைதானத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 23

மைதானத்தில் குப்பை புழுத்துவிட்டது. ஈ மொய்க்கிறது. வகுப்புக்குள் மூக்கைப் பொத்தாமல் இருக்க முடியவில்லை. பிள்ளையைக் கூப்பிட வந்த பெற்றோர்கள் தாளாளரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தங்கள் மூக்கில் ஏறினால்தான் நாற்றம்!

சுப்புராஜ் கூப்பிட்டார். “நீங்க இழுத்துவிட்டதுதானேம்மா? நீங்களே வழி சொல்லுங்க.”

மக்கும் குப்பைக்குப் பள்ளிக்குள்ளேயே குழி. மக்காததற்குத் தனி வண்டி, அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று நானும் ஓடைக்கரைப் பெண்களும் கூடவே போய்ப் பார்ப்போம். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த முகத்துக்கு எதிரே ஒரு நிமிடம்கூட உட்காரப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 31

குழி வெட்டி, தனி வண்டியும் வரத் தொடங்கி ஒரு வாரமாகிறது. தாளாளர் இன்னும் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறார்.

காலையில் பாண்டிசெல்வி போன் செய்தார்.

“ஒண்ணுமில்ல டீச்சர், சும்மாதான். ரொம்ப நாளைக்குப் பொறவு இன்னிக்குத்தான் துணிய வெளிய காயப் போட்டிருக்கேன்.”