நெளியாமல் நின்ற படம்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
28-10-1966

அன்பு மகள் ரஞ்சிதத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், பிலாயில் உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இப்போது எங்கள் ரேடியோ தொழிற்சாலையில் டெலிவிஷன் செய்த கதையைக் கேள். தசராப் பொருட்காட்சியில் ஒரு கொட்டகையில் காமிரா வைத்து நம் ஊர் ஆட்களைப் பேசவும் பாடவும் விட்டு, கம்பி வழியாகப் பக்கத்துக் கொட்டகைப் பெட்டியில் படம் காட்டுவதென்று ஏற்பாடு, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காயிலை, அதாவது செப்புக் கம்பிச் சுருளை, சுற்றியது நாங்கள் எட்டுப் பெண்கள். முதல் நாள் மின்சாரம் குறைந்து படம் சுருங்கிப்போனது. அதற்காக எஞ்சினியர் வெங்கடராமன் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து பெட்டி இருந்த மேஜைக்கு அடியில் வைத்தார், படம் பெரிதானது, ஆனால் கொடியில் காயும் புடவை மாதிரி நெளிந்தது, ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கோளாறு காயில்லதான், பொம்பளைங்க கவனமில்லாம சுத்தியிருக்காங்க என்று அவர் மேலே சொல்லிவிட, திங்கட்கிழமை முதல் எட்டுப் பேரையும் பாக்கிங்குக்கு மாற்றுவதாக உத்தரவு வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பிரேசர் டவுன் ஜோசஃபின் அழுதேவிட்டாள், எனக்குக் கோபம்தான் வந்தது. தொழிற்சாலையில் ஒழுங்காக நின்ற படம் இங்கே மட்டும் ஏன் ஆட வேண்டும் என்று யோசித்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன், தொழிற்சாலையில் இல்லாதது அந்த டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான்.

நேரே போய், சார், அத்த கொஞ்சம் தூரமா வெச்சுப் பாருங்க, ஒரே ஒரு தடவ, என்றேன். உன் வேலயப் பாரும்மா என்றார். நான் நகரவில்லை. அதோட காந்தம் படத்த இழுக்குது சார், காந்தம் கிட்ட வந்தா படம் ஆடறத டெஸ்ட் பெஞ்சுல நாங்க தினம் பாக்கறோம், என்றேன். அவர் குனிந்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார், பிறகு ஸ்விட்சை அணைத்தார். நானும் ஜோசஃபினும் மூச்சுப்பிடித்து அதைக் கொட்டகைக்கு வெளியே இழுத்தோம், நீள ஒயர் போட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் ஆணி அடித்து மாட்டினதுபோல் படம் நின்றது ரஞ்சிதம்! கூட்டம் போட்ட சத்தத்தில் பக்கத்து ராட்டினத்துக்காரன்கூட ஓடி வந்தான். அத்தனை பேர் முன்னால் வெங்கடராமன், தப்பு என்னுதுதாம்மா, என்று சொல்லி, உத்தரவையும் ரத்து செய்ய வைத்தார், அந்த மனசு எல்லோருக்கும் வராது. அதோடு விடாமல் என்னையே காமிரா முன்னால் உட்கார வைத்து, காயில் சுற்றுவதைத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்ல வைத்தார்கள். உன் அப்பா பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, நம்ம வூட்டுக்காரிங்க, நம்ம வூட்டுக்காரி, என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, குளிர் வருகிறது, மாப்பிள்ளையிடம் சொல்லி நல்ல கம்பளியாக வாங்கிக்கொள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
தனலக்ஷ்மி,
காயில் பிரிவு சூபர்வைசர், நேற்று முதல்.