முப்பத்திரண்டும் நாற்பத்திரண்டும்

சனிக்கிழமை, இரவு.

கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. டியூஷன் பரீட்சைக்கு இணையத்திலிருந்து கணக்குகளை எடுத்து ஒட்டினேன். அங்கே 3² + 4² என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஒட்டியதும் மேலே இருந்த இரண்டுகள் கீழே இறங்கி 32 + 42 ஆகிவிட்டன. சனியன். நான் கவனிக்கவில்லை. பிரிஞ்சாங் டவுன் கடையில் அப்படியே பிரதியெடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இணையத்தில் போட்டிருந்த விடை 25. பதினொரு பிள்ளைகளும் 74 எழுதியிருந்தார்கள். ஒரே தப்பு பதினொரு தாளில் எப்படி வரும்? பார்த்து எழுதினீர்கள் என்று கத்தி, எல்லாருக்கும் முட்டை போட்டேன். ஸ்டெல்லாவை அழைத்துப்போக வந்த அவள் அம்மா, என் கத்தலைக் கேட்டு, தேயிலைக்காட்டு பூட்ஸோடு ஹாலுக்குள் வந்து மகளை அறைந்தாள்.

"டியூஷன் போறேன்னுட்டு காப்பியா அடிக்கிற? மானமே போச்சு லா!"

ஸ்டெல்லா அழவில்லை. தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"முப்பத்திரண்டும் நாப்பத்திரண்டும் எழுவத்தி நாலுதானே, டீச்சர்?"

அப்போதுதான் கேள்வியையே படித்தேன். "கம்ப்யூட்டர் கோளாறு" என்றேன்.

அந்த ஹாலில் காப்பியடித்தவள் நான் ஒருத்திதான். அதை மட்டும் ஸ்டெல்லாவின் அம்மாவிடம் சொல்லவில்லை.