பெயரைச் சொன்னால்தான் சாண்ட்விச்

அன்புள்ள எலுனெட்,

உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் மலைக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகும் விருந்தினர்களிடம் நம் வெல்ஷ் மொழிப் பெயர்களைச் சொல்லிக் குழப்பக் கூடாது, இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று விடுதி மேலாளர் கிரிஸ்பின் மிரட்டியிருந்தான். நம் மலைக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் வைக்க இவன் யார்? நேற்று உச்சியில் சாப்பாட்டுப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"மலையோட பேரைச் சொல்றவங்களுக்குத்தான் சாண்ட்விச்!"

"பெரியவரே, பசியில உயிர் போகுது!" என்று லண்டன்காரி ஹேசல் கத்தினாள். ஆனால் முதலில் சொன்னவளும் அவள்தான்: "பென் இர் ஓலெ வென்!" மற்றவர்களும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க ஏறி வந்த கிரிஸ்பின், மூச்சிரைக்க சாண்ட்விச்சுக்குக் கை நீட்டினான். ஹேசல் தட்டிவிட்டாள்.

"பேரைச் சொல்லுப்பா, அப்புறம் தின்னு!"

தடுமாறித் தடுமாறிச் சொன்னான், எலுனெட்! அதன் பிறகுதான் கொடுத்தேன். இறங்கும்போது, "இவங்களுக்கு இது பிடிச்சிருக்கு. நாளைக்கும் நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றான்.

கம்பளிக் காலுறை அனுப்பு. ஞாயிறன்று போனில் கொஞ்சம் நீளமாகப் பேசு. விடுதியில் நம் மொழி பேச ஆளில்லை. ஆடுகளைப் பற்றிச் சொன்னாலும் போதும்.

எல்லோரும் பூட்ஸ் மாட்டி வாசலில் நிற்கிறார்கள். இன்றைய மலையின் பெயர் இன்னும் நீளம்.

உன்
இட்வல்