வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

2024 ஜூன் 11

என் வீட்டுக்காரர் எபிசன் இன்றும் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். பதினொரு வருடமாக இதற்குச் சண்டை போட்டவள் நான். இப்போதெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். துண்டும் நானும் சாயங்காலம் வரை ஒரே மாதிரிக் கிடந்தோம்.

ஜூன் 23, ஞாயிறு

சர்ச் பாடகர் குழுவில் என் குரல் கரகரப்புக்கு ஆண்கள் பக்கம் போய் நிற்கலாம். அருமனையில் ஸ்வெட்டர் போட்டு ஆராதனைக்கு வந்த ஒரே ஆளும் நான்தான். பெண்கள் சங்கத்து நேசம்மாள் அக்கா ஜெபக் குறிப்பில் எழுதிவிட்டார்: ‘ஜாஸ்பினின் சோர்வு நீங்க’. என் பெயருக்கு மேல் வரியில் யாருடையதோ மூட்டுவலி.

ஜூன் 30

மீன் ஆயும்போது அழுகை. ஏன்? தெரியவில்லை. என்னோடு கிடந்து நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று எபிசனிடம் சொல்லிவிட்டுப் பையில் சேலை அடுக்கினேன். நாலாவது சேலையில் கை ஓய்ந்துவிட்டது. போவதற்கும் தெம்பு வேண்டுமே.

எபிசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏட்டி, நீ என்னத் திட்டி ரெண்டு மாசமாச்சு. எனக்குப் பயமாட்டு இருக்கு. டாக்டரப் பாப்போம்.”

ஜூலை 4

மனசுக்கு மருந்து தருவார் என்று போனால், டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு. நாலுக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.ஹெச். முப்பத்தெட்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறும், குரல் கரகரக்கும், குளிரும், மனசும் கூடவே படுத்துவிடுமாம். சோம்பேறி, நன்றிகெட்டவள் என்று என்னை நானே எத்தனை நாள் திட்டினேன்! தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

ஆகஸ்ட் 16

ஆறு வாரம் விழுங்கியும் டி.எஸ்.ஹெச். முப்பத்தொன்று. எனக்கு விடிவே இல்லை என்று டாக்டரம்மா முன்னாலேயே அழுதேன். மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டார். பால் சாயாவோடு.

டாக்டரம்மா முறைத்தார். “சாயா சாப்பாட்டுல சேருமா டாக்டர்?” என்று அழுகைக்கு நடுவே கேட்டேன்.

தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாயா. இதை என்னிடம் சொல்லவில்லை, எபிசனிடம் சொன்னார்.

செப்டம்பர் 3

அடுப்படியில் எபிசன் காவல். கையில் கடிகாரம்.

அக்டோபர் 5

இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்று சாயா தம்ளரை உயரத் தூக்கிப் பிடித்தார். நான் திட்ட ஆரம்பித்தேன். சாயாவில் தொடங்கி, ஈரத் துண்டு, என் தங்கை கல்யாணத்துக்கு அவர் பிந்தி வந்தது வரை. கரகரப்பே இல்லாமல் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். அவர் கண் கலங்கி நின்றார்.

“ஏட்டி, வந்துட்டியா?”

ஜூனிலிருந்து பையில் கிடந்த நாலு சேலையையும் எடுத்து அலமாரியில் வைத்தேன். ஒரு கை பிடிக்க அவர் வரவில்லை. அதற்கு நாளைக்குத் திட்டிக்கொள்கிறேன்.