ஒரே போர்வைக்குள் ஆவி

12 ஆகஸ்ட் 1999, வியாழன்
கட்கி

இந்த மழையில் ரேகாவுக்கு மூக்கடைப்பு. அவள் இவருடைய மூத்த தாரத்து மகள். நான் வந்து ஒரு வருஷம் ஆகியும் என்னிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

இன்று சாயங்காலம் கொதிக்கிற தண்ணீரில் ஓமமும் துளசியும் போட்டு, ஆவி பிடிக்கச் சொல்லி அவள் முன்னால் வைத்தேன்.

“நானே பிடிச்சுக்கறேன், ஆன்ட்டி” என்றாள்.

போர்வையை அவள் தலையில் போர்த்திவிட்டு நகர்ந்தேன். எனக்கு அடுக்கடுக்காய்த் தும்மல் வந்தது.

“உங்களுக்கும் சர்தி ஆயிடுச்சா?” போர்வைக்குள்ளிருந்து குரல். ஜலதோஷத்தை அவள் சர்தி என்றுதான் சொல்வாள். “உள்ள வாங்க, இடம் இருக்கு.”

முட்டி இடிக்க உட்கார்ந்தோம். வேர்த்து ஊற்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் தோழியோடு போட்ட சண்டையை முழுசாகச் சொன்னாள்.

தண்ணீர் ஆறிப்போன பிறகும் நான் போர்வையை விலக்கவில்லை. அவளும் விலக்கவில்லை.