அந்த டீசல் என்ஜின் மறுபடி ஓடுகிறது, அண்ணா

என்னை ஒரு நாளும் பேர் சொல்லாமல் அம்மணி என்றே கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத கடிதம் இது, அதனால் நேராகச் செய்திக்கு வந்துவிடுகிறேன். உங்கள் பிக்கப்பிலிருந்து கழற்றி எடுத்த டீசல் என்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. இன்று காலை சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பட்டறைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன். வேறு ஏதாவது என்ஜினாக இருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். இல்லை, அதேதான்.

ஓட்டிப் பார்த்தது யார் தெரியுமா? உங்கள் மாப்பிள்ளைதான், என் வீட்டுக்காரர். அன்றைக்கு உங்கள் வண்டியில் அதைப் பொருத்திக் கொடுத்ததும் அவர்தானே. இப்போது பல்லடத்தில் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப்பை வாங்கிவந்து அதற்குள் இதை ஏற்றிக்கொண்டிருக்கிறார். உங்களுடையது மாதிரியே சின்ன வண்டி, அதே வெள்ளை. பட்டறையில் வேலை குறைந்துவிட்டதால் இனி லோடு அடிக்கப் போகிறாராம். ஓட்டப்போவதும் அவரேதான்.

உங்கள் பெட்ரோல் வண்டி செய்த அழிச்சாட்டியம் உங்களுக்கு மறந்திருக்காது. துணி லோடு கொஞ்சம் கூடினால் மேடு ஏறாது. முக்கும், இருமும், நடுரோட்டில் நின்றுவிடும். நீங்கள் இறங்கி அதைக் கும்பிட்டு, "ஏனுங்க மகாராணி, நாங்க நடந்தே வரட்டுங்களா?" என்பீர்கள். அப்புறம் பாதி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடை அடிப்பீர்கள். பெட்ரோல் விற்ற விலைக்கு அது கட்டுப்படியாகவில்லை.

அப்போதுதான் உங்கள் மாப்பிள்ளை கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடையில் இந்த என்ஜினைப் பார்த்துவிட்டு வந்தார். அடிபட்ட ஒரு காரிலிருந்து எடுத்தது. கார் முழுக்க நசுங்கிப்போச்சு, என்ஜினில் ஒரு கீறல் இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் காரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல சரக்கு கிடைத்தது என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

அடிச்சட்டத்தில் வெட்டி ஒட்டி இடம் பண்ணினார். டீசல் என்ஜின் கனம் என்று முன்பக்கம் ஸ்பிரிங் வில்லில் ஒரு பட்டை கூட்டினார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, முழு லோடோடு எடுத்தீர்கள். வண்டி முக்காமல் முனகாமல் மேடு ஏறியது. "மாப்ள, இது வண்டி இல்லீங்க, யானை," என்றீர்கள். யானையை நிறுத்த நம்மிடம் என்ன இருக்கிறது? பிரேக் மட்டும் அந்தப் பழைய சின்ன வண்டியின் பிரேக்தான்.

அப்புறம் கரண்ட் கட் வந்தது. சாயப்பட்டறையில் துணி சாயம் ஏறி வெளியே வரும், காய வைக்கிற மெஷின் நின்றுபோயிருக்கும். ஜெனரேட்டர் இருக்கிற யூனிட்டுக்கு ஈரத்தோடு அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். நம் ஊரில் துணி லோடு என்றால் மூட்டைக் கணக்குதான். எத்தனை மூட்டை என்பார்கள், என்ன எடை என்று கேட்க மாட்டார்கள். காய்ந்த துணி எத்தனை மூட்டை ஏறுமோ, ஈரத் துணியும் அத்தனை மூட்டை ஏறியது.

ஒரு ஜமுக்காளத்தை நனைத்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் குடித்த துணி என்ன கனம் என்று. ஆனால் துவைக்கிறவர்கள் வேறு, லோடு அடிக்கிறவர்கள் வேறு. பழைய பெட்ரோல் என்ஜினாக இருந்திருந்தால் கிளம்புகிற இடத்திலேயே மக்கர் பண்ணிக் காட்டிக் கொடுத்திருக்கும். அது அடம் பிடித்தே உங்களை இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இந்த டீசல் ஒன்றுமே சொல்லவில்லை. எதை ஏற்றினாலும் வாயை மூடிக்கொண்டு இழுத்தது.

உங்களோடு வந்த லோடுமேன், அந்த ஒரிசாக்காரர், இன்னும் நொண்டித்தான் நடக்கிறார். வழியில் என்னைப் பார்த்தால் நின்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "பாலம் இறக்கத்துலே அண்ணா ரெண்டு காலும் வெச்சு பிரேக் மிதிச்சாங்க அக்கா. வண்டி நிக்கலே. கீழே கம்பெனி விட்டு பொண்ணுங்க நெறைய வந்துச்சு. அண்ணா செவுத்துப் பக்கம் திருப்பிட்டாங்க."

அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் சில நாள் உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாதா?

வண்டி அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அப்போதும் என்ஜினில் கீறல் இல்லை. "அது என்ர கண்ணுல படவே கூடாதுங்க, எங்கியாச்சும் கொண்டு போய்ப் போட்டுருங்க," என்றது நங்கை, உங்கள் மனைவி. இவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். இரும்புக் கடைக்குத்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று சத்தம் கேட்டதும் பட்டறைக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இந்த என்ஜினேதான் வேணுங்களா?"

"என்ஜின் என்ன பாவம் பண்ணுச்சு புள்ள? நல்லாத்தான ஓடுது."

"பிரேக்கு?"

"மொதல்ல ஓடட்டும். பொறவு பாத்துக்கலாம்."

"ஈர மூட்டைய எடை போட்டு ஏத்துங்க. அதாவது செய்யுங்க."

"எடை போட்டாத்தான் ஏத்துவேன்னா லோடு எவன் குடுப்பான்?"

நீங்கள் போன பிறகு அவர் உங்கள் பேரை வாயில் எடுத்ததே இல்லை. இன்று கேட்டதற்கும் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? இந்த என்ஜின் இன்னொரு வண்டியில் நல்லபடியாக ஓடிவிட்டால், உங்கள் சாவில் தன் கைக்குப் பங்கில்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான் பிடிவாதமாக இதையே பொருத்துகிறார். மனுஷன் லாபத்துக்காகச் செய்தால் தடுத்துவிடலாம். இதை எப்படித் தடுப்பேன்?

எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை, உங்களுக்குத் தெரியும். என்ஜினில் பேய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கனத்தைத்தான் சொல்கிறேன். சின்ன பிரேக், பெரிய என்ஜின், நனைந்த துணி. லோடு அடிக்கிற நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

சாயங்காலம் சாயப்பட்டறைக்காரர் போன் பண்ணினார். திங்கட்கிழமைதான் முதல் லோடாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற யூனிட்டுக்குப் போக வேண்டுமாம். உங்கள் மாப்பிள்ளை சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டே, "எத்தனை மூட்டைங்க?" என்று கேட்டார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு இது. எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். கம்பெனியில் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவர் பூஜை போட்டு முடிப்பதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடப் போகிறேன். கத்துவார், ஊர் சிரிக்கும் என்பார், சிரிக்கட்டும். பக்கத்தில் நான் இருக்கும்போது ஈரத்தை அப்படி ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்க அவருக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

அப்படியும் மனசு வந்துவிட்டால்? அதையும் யோசித்துவிட்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. அவரை நான் உங்களிடம் தனியாக அனுப்ப மாட்டேன்.

உங்களோடு பிறந்த ஒரே தங்கை